ஸ்காட்டிஷ் மரபிசைக் கச்சேரி: எங்கே காது கொடுப்பது, எப்போது எழுந்து ஆடுவது

கேள்வி இது: "மகள் கிளாஸ்கோவில் படிக்கிறாள். ஜனவரியில் நானும் மனைவியும் போகிறோம். செல்டிக் கனெக்‌ஷன்ஸ் விழாவில் ஒரு கச்சேரிக்கும், மறுநாள் ஒரு கெய்லி நடனத்துக்கும் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டாள். எனக்குக் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும். ஸ்காட்டிஷ் இசை சுத்தமாகத் தெரியாது. யூட்யூபில் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படி ரசிப்பது? இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆடித்தான் ஆக வேண்டுமா?"

'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது' என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். கிளாஸ்கோவில் பதினோரு வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஒரு ஃபிடில் (நம் வயலின்தான்), ஒரு அக்கார்டியன், ஒரு கிட்டார், கடகடவென்று ஓடும் ஒரு மெட்டு, கைதட்டல், மறுபடியும் கடகட. நடுவில் சுற்றியிருப்பவர்கள் திடீரென்று "ஹ்யூ!" என்று கத்துவார்கள். எதற்குக் கத்துகிறார்கள் என்று புரியாமல் நானும் சிரித்து வைப்பேன்.

ஒரு ஜனவரி இரவு, பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தாரோ என்னவோ, வாசிப்பின் நடுவே முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தார். அதே நொடியில் மெட்டு மாறியது, அரங்கம் கத்தியது. ஒரு நிமிடம் போனது. மறுபடி ஓர் இடி, மறுபடி மாற்றம், மறுபடி கூச்சல். மூன்றாவது முறை அவர் இடிப்பதற்குள் நானே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

விஷயம் இதுதான். அவர்கள் வாசிப்பது ஒரு பாட்டு அல்ல, மூன்று நான்கு மெட்டுகளைக் கோத்த ஒரு சரம். 'செட்' என்பார்கள். பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதி இருக்கும். முதல் பகுதி எட்டு 'பார்' (தாளத்தின் ஓர் அளவு, நம் ஆவர்த்தனம் மாதிரி), அதை இருமுறை வாசிப்பார்கள். இரண்டாவது பகுதியும் எட்டுப் பார், அதுவும் இருமுறை. ஆக 32 பார் ஒரு சுற்று. வேகமான மெட்டில் ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, மூச்சுவிடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவல்தான் இந்தக் கச்சேரியின் உயிர். கரஹரப்பிரியா சாயலில் இருண்டு ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று ஹரிகாம்போதியாக வெளுக்கும், சில சமயம் ஆதார சுருதியே ஒரு படி ஏறிக்கொள்ளும். தாவப்போவதற்கு முன் வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அல்லது ஃபிடில்காரர் புருவத்தைத் தூக்குவார். அதைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

உங்களுக்குக் கர்நாடக சங்கீதப் பழக்கம் இருப்பதால் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆலாபனை, நிரவல் மாதிரி எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். மனோதர்மம் என்று தனியாக விரிக்கும் இடம் கிடையாது. மெட்டு மெட்டாகவே இருக்கும். இரண்டாவது சுற்றில் ஒரு சின்ன உருட்டல் கூடும், பக்கவாத்தியத்தின் சுருதிக்கூட்டு மாறும், வில்லின் அழுத்தம் மாறும். தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைச் சின்ன வயதில் பாடியிருந்தால் அந்தச் சதுரமான கட்டமைப்பு ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கும். அவையும் அந்தக் காலத்து ஐரோப்பிய பேண்டு மெட்டுகளில் பிறந்தவைதானே.

அடுத்தது தாளம். மூன்றை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டு போங்கள், போதும். ரீல் என்பது நான்கு நான்காக ஓடும், தகதிமி தகதிமி என்று மனத்துக்குள் சொன்னால் பொருந்தும். ஜிக் என்பது மும்மூன்றாகத் துள்ளும், தகிட தகிட. இந்த இரண்டும் அயர்லாந்திலும் உண்டு. மூன்றாவதான ஸ்ட்ராத்ஸ்பே ஸ்காட்லாந்துக்கே உரியது. ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பெயர்.

ஸ்ட்ராத்ஸ்பேயை எப்படிக் கண்டுபிடிப்பது? 'விழா' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஆனால் அழுத்தத்தை 'வி' மேல் போடுங்கள். விழா, பலா, சுறா. குறிலில் குத்திவிட்டு நெடிலில் சாய்வது. தமிழ் இலக்கணத்தில் இது நிரையசை, அங்கே இதை ஸ்காட்ச் ஸ்னாப் என்பார்கள். ரீலைவிட மெதுவான நடை, ஆனால் ஒவ்வொரு அடியிலும் இந்த வெட்டு விழுந்துகொண்டே இருக்கும். ஃபிடில்காரரின் வலது கையைப் பாருங்கள். வில் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் சடக்கென்று நின்று மறுபடி கிளம்பும். மணிக்கட்டில்தான் எல்லாமே நடக்கும். நல்ல செட்டில் ஒரு ஸ்ட்ராத்ஸ்பே முறுக்கி முறுக்கி இழுத்துக்கொண்டே போய், திடீரென்று ரீலாக அவிழும். அந்த இடத்தில் கத்தாத ஆளை நான் பார்த்ததில்லை. இப்போது நானும் கத்துவேன்.

இந்த ஃபிடில் மரபில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் நீல் கௌ (1727–1807), பெர்த்ஷயரில் டன்கெல்ட் பக்கத்து இன்வர் கிராமத்துக்காரர். பிரபுக்களின் நடன விருந்துகளுக்கெல்லாம் இவர் ஃபிடில்தான். கூடவே தம்பி டொனால்ட் செல்லோ வாசிப்பார். ஃபிடிலும் செல்லோவும் சேர்ந்த அந்தப் பழைய கூட்டணி நடுவில் வழக்கொழிந்து போய், அலஸ்டர் ஃப்ரேசர், நடாலி ஹாஸ் போன்றவர்களால் இப்போது மறுபடி மேடைக்கு வந்திருக்கிறது. கௌ தன் இரண்டாவது மனைவி 1805-ல் இறந்தபோது ஒரு புலம்பல் மெட்டு அமைத்தார். இன்றும் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். வேகமான செட்டுகளுக்கு நடுவில் விளக்கை மங்கலாக்கிவிட்டு ஒற்றை ஃபிடில் மெதுவாக ஏதாவது இழுத்தால், அது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போது காலால் தாளம் போடாதீர்கள். எடின்பரோ போனால் தேசிய உருவப்பட அரங்கில் ரேபர்ன் வரைந்த கௌவின் ஓவியம் இருக்கிறது. ஃபிடிலை மோவாயில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொருவர் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927). 'ஸ்ட்ராத்ஸ்பே ராஜா' என்று பட்டம். இவர் நடன ஆசிரியரும்கூட. பால்மோரலில் விக்டோரியா ராணியின் எஸ்டேட்டு ஆட்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர். இந்த இசையில் வாசிக்கிறவரையும் ஆடவைக்கிறவரையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, பேக்பைப்புக்கு வருவோம். பலரும் பயந்து ஓடும் இடம் இது, ஆனால் உங்களுக்குத்தான் இது சுலபம். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழாய்கள் ட்ரோன்கள், ஒரே சுருதியை இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை. இரண்டு டெனர், ஒன்று பேஸ். நாதஸ்வரத்துக்கு ஒத்து எப்படியோ அப்படி. விரல் வைத்து வாசிக்கும் குழாய் சாண்டர். அதில் மொத்தம் ஒன்பதே சுரம். கீழ் நிஷாதத்தில் தொடங்கி மேல் ஷட்ஜத்தில் முடியும். நிஷாதம் கைசிகி, மத்திமம் சுத்தம். அதாவது அச்சு அசல் ஹரிகாம்போதி அளவுகோல். பல மெட்டுகள் அதிலும் இரண்டு சுரத்தை விட்டுவிட்டு மோகனத்திலேயே நடக்கும். ட்ரோன் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மெட்டு நிஷாதத்தில் போய் உட்காரும்போது ஓர் உரசல் எழும். அதைத்தான் அபசுரம் என்று நினைத்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த உரசலுக்காகவே கட்டிய மெட்டுகள் இவை.

இன்னொரு ரகசியம். சாண்டரின் நாணல் ஊதுபவரின் வாயில் இல்லை, பையிலிருந்து காற்று இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சத்தத்தை நிறுத்தவும் முடியாது, கூட்டிக் குறைக்கவும் முடியாது. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? நடுவில் வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தட்டி, அதை வெட்ட வேண்டும். பேக்பைப்பில் நீங்கள் கேட்கும் அந்தக் 'கிர்ர்' 'டிர்ர்' ஓசையெல்லாம் அலங்காரம் மட்டும் இல்லை, வார்த்தைக்கு வார்த்தை விடும் இடைவெளியே அதுதான். மேடையில் பைப்பர் வந்ததும் உடனே வாசிக்க மாட்டார். கையை நீட்டி ஒவ்வொரு ட்ரோனையும் அரை அங்குலம் மேலே கீழே நகர்த்துவார். இரண்டு ஒலிகளுக்கு நடுவில் 'வ்வவ்வவ்வ' என்ற அதிர்வு மெதுவாகி மெதுவாகி, ஒரு கணத்தில் காணாமல் போகும். மூன்று குழாயும் ஒரே குழாயாகிவிடும். சுருதி சேரும் அந்தக் கணத்துக்காக நான் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஆடுவதற்கான சின்ன மெட்டுகள் ஒருபுறம் இருக்க, பைப்பில் 'பெரிய இசை' என்று தனியாக ஒன்று இருக்கிறது. பீப்ராக் என்பார்கள். முதலில் ஊர்லார், அதாவது 'தரை', மெதுவாக வரும். பிறகு அதன்மேல் மாறுபாடுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படும். விரலடிகள் சிக்கலாகிக்கொண்டே போய், உச்சத்தில் மொத்தமாகக் கைவிட்டுவிட்டு மறுபடி அந்தத் தரைக்கே இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். ஸ்கை தீவின் மெக்ரிமன் குடும்பம் இதற்குப் பேர்போனது. இதை எழுதிவைத்துக் கற்கவில்லை. குரு வாயால் பாட, சீடன் திருப்பிப் பாட வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் விரலடிக்கும் 'ஹின்', 'ஹோ', 'ஹிஹரின்' என்று சொற்கட்டு உண்டு. நம் மிருதங்கக்காரரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார். பொதுக் கச்சேரியில் பீப்ராக் கிடைப்பது அபூர்வம். மகளிடம் சொல்லி நேஷனல் பைப்பிங் சென்டர் பக்கம் ஒரு நடை விசாரிக்கச் சொல்லுங்கள், கிளாஸ்கோவிலேயேதான் இருக்கிறது.

வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள்: கிளர்ச்சி செய்த மலைநாட்டுக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் பேக்பைப்பைத் தடைசெய்தார்கள் என்று. 1746 சட்டம் தடுத்தது ஆயுதத்தையும் மலைநாட்டு உடையையும். பேக்பைப் என்ற பேச்சே அதில் இல்லை. உடைத் தடையை 1782-ல் நீக்கினார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலையாட்டிவிட்டு வாருங்கள், சண்டை வேண்டாம்.

பாட்டு என்று வந்தால் இரண்டு மொழி கேட்பீர்கள். ஒன்று ஸ்காட்ஸ், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய மொழி, ஆங்கிலத்துக்கு உறவுக்காரி. இன்னொன்று கேலிக், முற்றிலும் வேறு கிளை. 2011 கணக்கெடுப்பில் அதைப் பேசுவோர் 57,000 பேருக்குச் சற்று மேல்தான், ஆனால் மேடையில் அதன் இடம் மிகப் பெரியது. ஜூலி ஃபௌலிஸ் பாடிய எதையாவது கேட்டுவிட்டுப் போங்கள். கேலிக்கில் வாயாலேயே வாசிப்பது என்று ஒரு வகை உண்டு. வாத்தியம் இல்லாத வீட்டில் ஆட வேண்டுமென்றால், நாக்குச் சுளுக்கும் வேகத்தில் அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ரீலைப் பாடுவார்கள். இன்னொன்று கம்பளித் துணி அடிக்கும் பாட்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள வெளித் தீவுகளில் நெய்த துணியைப் பழைய மூத்திரத்தில் ஊறவைத்து (ஆமாம், அதேதான், சாயம் நிற்க) நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து மாற்றி மாற்றி அடித்துக் கெட்டியாக்குவார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஹோ ரோ' என்று எசப்பாட்டு. இன்று மேடையில் அந்த ஈரத்துணி இல்லை, ஆனால் அந்த அடி மட்டும் பாட்டுக்குள் இருக்கிறது. எசப்பாட்டில் நீங்களும் சேரலாம், சேரவேண்டும் என்றே எதிர்பார்ப்பார்கள்.

மேடை நடனமும் இருந்தால் ஹைலேண்ட் (மலைநாட்டு) நடனத்தைப் பார்ப்பீர்கள். ஹைலேண்ட் ஃபிளிங் ஆடுபவர் நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டார், முன்பாதத்தில் எம்பி எம்பி ஒரே புள்ளியில் இறங்குவார். தலைக்கு மேல் வளைந்த கைகள் கலைமானின் கொம்பு என்பார்கள். வாள் நடனத்தில் தரையில் குறுக்கே இரண்டு வாள். போட்டியில் பாதம் பட்டு வாள் நகர்ந்துவிட்டால் ஆட்டம் அவ்வளவுதான். முகத்தைப் பார்க்காமல் குதிகாலைப் பாருங்கள், அது தரையைத் தொடவே தொடாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆம், ஆடுங்கள். கெய்லி என்ற கேலிக் சொல்லுக்கு மூலப் பொருள் 'வீட்டுக்கு வந்து போவது'. உச்சரிப்பு நம் 'கேலி' மாதிரியே இருக்கும், ஆனால் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு 'காலர்' என்பவர் மைக்கில் அடி அடியாகச் சொல்லிக்கொடுத்து, ஒருமுறை நடந்து பார்க்கவும் வைப்பார். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு உங்களைப் போலவே ஒன்றும் தெரியாது.

முதலில் வருவது பெரும்பாலும் கே கார்டன்ஸ். ஜோடி ஜோடியாக நான்கு அடி முன்னே, அப்படியே திரும்பி நான்கு அடி பின்னே. நடக்கத் தெரிந்தால் போதும். டேஷிங் ஒயிட் சார்ஜென்ட்டில் மூவர் மூவராக எதிரெதிரே நிற்பீர்கள். நீங்கள் இருவரும் மகளும் ஒரு மூவர் அணி, கச்சிதமாகப் போயிற்று. ஆறு பேரும் கைகோத்து வட்டமடித்து, பின்பு மூவருக்குள் எட்டுப் போட்டு நெளிந்து, கடைசியில் ஓர் அணி கையைத் தூக்க மற்ற அணி கீழே புகுந்து போய், அடுத்த மூவரைச் சந்திக்கும். இப்படியே அரங்கம் முழுக்க எல்லோருக்கும் வணக்கம் சொல்லி முடித்துவிடுவீர்கள். இந்த ஆட்டம் சரியாக 32 பார். நேற்று கச்சேரியில் காதால் எண்ணியது இன்று காலால் எண்ணும். மெட்டின் முதல் பகுதி திரும்ப வந்தால் புது ஆட்கள் முன்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். நான் யூட்யூபில் எத்தனை மாதம் கேட்டும் ஏறாத கணக்கு, ஒரே இரவில் முட்டியில் ஏறிக்கொண்டது.

எச்சரிக்கை ஒன்றே ஒன்றுக்கு. ஸ்ட்ரிப் தி வில்லோ, அதிலும் ஆர்க்னி தீவு வகை. அரங்கத்தின் நீளத்துக்கு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மேலே நிற்கும் ஜோடி சுழன்றுவிட்டு, எதிர்வரிசை ஆள் ஒருவரோடு ஒரு சுற்று, மறுபடி தன் ஜோடியோடு ஒரு சுற்று என்று கடைசிவரை போக வேண்டும். ஜோடிக்கு வலது கை, வரிசைக்கு இடது கை. என் முதல் முறை, இடது வலது மாறி நான் தப்பான பெண்மணியின் கையைப் பிடித்துத் தப்பான திசையில் சுற்ற, பின்னால் வந்த ஜோடி எங்கள்மேல் மோத, நால்வரும் பேண்டு மேடையின் விளிம்பில் போய் விழுந்தோம். அக்கார்டியன்காரர் ஒரு சுரம்கூட விடவில்லை. ரத்த அழுத்தம், முட்டிவலி இருந்தால் இந்த ஆட்டத்துக்கு மட்டும் சுவரோரம் நின்று தண்ணீர் குடியுங்கள். பார்ப்பதற்கே நன்றாக இருக்கும்.

உங்கள் மனைவிக்கு: புடவை வேண்டாம், சல்வார் நல்லது. தட்டையான, பின்னால் பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ. வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள், கை கோக்கும்போது கிழிக்கும். கில்ட் என்ற ஆண்களின் மரபு உடை போட்டவர் யாரையாவது பார்த்துப் 'பாவாடை' என்று தமிழில் சிரிக்காதீர்கள். புரியாது என்று நினைப்போம், சிரிப்பு எந்த மொழியிலும் புரியும்.

செல்டிக் கனெக்‌ஷன்ஸ் பற்றி இரண்டு வரி. கிறிஸ்துமஸ் முடிந்து காலியாகக் கிடந்த ராயல் கான்சர்ட் ஹாலை நிரப்ப 1994-ல் தொடங்கியது. இன்று பல அரங்குகளில் நடக்கிறது, ஐரிஷ், அமெரிக்க, ஆப்பிரிக்கக் குழுக்களும் வருகின்றன. எனவே டிக்கெட்டில் இருக்கும் பெயர் ஸ்காட்டிஷ் குழுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓல்டு ஃப்ரூட்மார்க்கெட்டில் என்றால் அதிர்ஷ்டம்: பழைய பழ மண்டி அது, மாடத்தில் வியாபாரிகளின் பெயர்ப்பலகைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பேரோலேண்டில் என்றால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும், முதுகைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு மாலை எடின்பரோவில் சாண்டி பெல்ஸ் பப்புக்கும் போய்வாருங்கள். டிக்கெட் இல்லை, மேடை இல்லை, மூலை மேசையைச் சுற்றி யார் யாரோ வாசிப்பார்கள். காலியாக இருக்கிறதே என்று அவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான் விதி. யாராவது வாத்தியமில்லாமல் பாடத் தொடங்கினால் கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

கெய்லி முடியும்போது எல்லோரையும் பெரிய வட்டமாக நிற்கச் சொல்வார்கள். ஓல்ட் லாங் சைன். பர்ன்ஸ் 1788-ல் எழுதியனுப்பியது. ஒரு முதியவர் பாடக் கேட்டுக் குறித்துக்கொண்ட பழைய பாட்டு என்று அவரே சொன்னார். மெட்டு சுத்த மோகனம், இரண்டாவது வரியிலேயே நீங்கள் சேர்ந்துகொள்வீர்கள். முதலில் பக்கத்து ஆளின் கையைச் சும்மா கோத்துக்கொள்ளுங்கள். மார்புக்குக் குறுக்கே கையை மாற்றிப் பிடிப்பது கடைசிச் சரணத்தில்தான். தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்கிறவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், விட்டுவிடுங்கள். அப்புறம், வியர்த்து நனைந்த சட்டையோடு அப்படியே ஜனவரிக் குளிரில் இறங்கிவிடாதீர்கள். கோட் வாங்கும் வரிசை நீளமாகத்தான் இருக்கும், நின்று வாங்கிப் போட்டுக்கொண்டே வெளியே வாருங்கள்.